ராஜாத்திக்கு முடி வெட்டும் மெஷின்

சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போன தங்கவேல், திரும்பி வரும்போது மினி வேனில் ஒரு பெண் குதிரையோடு வந்து இறங்கினான். பழவேற்காட்டுக் கடற்கரைக்குச் சனி, ஞாயிறானால் கார் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் பிள்ளைகளைச் சவாரி ஏற்றலாம் என்பது அவன் யோசனை. பெண்டாட்டி கஸ்தூரியிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் கொஞ்ச நாள் அவள் குதிரை இருக்கும் திசைக்கே முகத்தைக் காட்டவில்லை. ஆனால் கடற்கரையில் அவள் நடத்தும் மீன் வறுவல் கடைக்குப் பின்னால்தான் அதைக் கட்டியிருந்தார்கள். எத்தனை நாள்தான் பார்க்காமல் இருப்பது? ராஜாத்தி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

மலைப்பனிக்கு வளர்த்த முடி, ராஜாத்திக்கு உடம்பெல்லாம் கம்பளி போர்த்தியது போல் அடர்ந்து கிடந்தது. மார்கழியில் எல்லோரும் அதைத் தடவித் தடவி ரசித்தார்கள். மாசி வெயில் ஏறியதும் பாடு தொடங்கியது. நின்ற இடத்திலேயே வேர்த்து ஊற்றியது. உப்பும் மணலும் சேர்ந்து முடி சிக்குப் பிடித்து முறுக்கிக்கொண்டது. கயிற்றை அவிழ்த்தால் போதும், நேராகப் பழவேற்காடு ஏரிக்குள் இறங்கி வயிறு நனையத் தண்ணீரில் நின்றுவிடும். சவாரிக்குக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் ஆல்வின், தான் வெட்டிவிடுவதாகச் சொல்லி டிரிம்மரோடு வந்தான். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாதை போட்டான். அதோடு டிரிம்மர் முடியில் சிக்கி முனகி, சூடேறி நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் குதிரைக்குச் சொறியா என்று கேட்டார்கள். கஸ்தூரிக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பொன்னேரியிலிருந்து வந்து பார்த்த கால்நடை மருத்துவர் சந்தியா, நோய் ஒன்றுமில்லை, முடியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார். ஆள் முடி வெட்டுகிற மெஷினால் ஆகாது, குதிரைக்கென்றே இருக்கிறது, வேப்பேரிப் பக்கம் கிடைக்கும் என்று வழியும் சொன்னார். கிளம்பும்போது கஸ்தூரியிடம் இரண்டு விஷயம் சொன்னார்.

"இவ்ளோ அடர்த்திக்கு நல்ல சக்தியான மோட்டார் வேணும்மா. ஆனா சத்தத்துக்கு மிரண்டுச்சுன்னா எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் பிரயோஜனமில்ல. அத்தப் பாத்து வாங்குங்க."

இந்த இரண்டையும் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் வழியெல்லாம் சண்டை போட்டார்கள். பொன்னேரியில் ரயில் ஏறும்போது ஆரம்பித்தது, சென்ட்ரலில் இறங்கியும் ஓயவில்லை. பெரிய மெஷினாக வாங்கி ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்றான் தங்கவேல். சத்தமில்லாததுதான் வேண்டும், அது வாயில்லாத ஜீவன் என்றாள் கஸ்தூரி.

சேணமும் கடிவாளமுமாகத் தொங்கிய அந்தக் கடையில் ஹேமந்த் என்ற இளைஞன் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தான். ஒன்று பேட்டரியில் ஓடுவது. கைக்கு அடக்கமாக, லேசாக இருந்தது. சத்தமே வராது என்றான். மற்றது ஒயர் வைத்தது. தேங்காய் போலக் கனத்தது. எந்த முடியையும் வெட்டும், ஆனால் சத்தம் போடும் என்றான். கஸ்தூரி லேசானதைக் கையில் எடுத்துக்கொண்டாள். தங்கவேல் கனமானதை விடவில்லை. கடைக்காரன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெட்டிக்கப் போறது நீயும் இல்ல, நானும் இல்ல. ராஜாத்தியவே கேட்டுடலாம்" என்றாள் கஸ்தூரி.

அன்று செவ்வாய்க்கிழமை, சலூன் விடுமுறை. ராஜாத்திக்குக் காவலாக ஆல்வினைத்தான் விட்டு வந்திருந்தார்கள். அவனுக்கு வீடியோ கால் போட்டாள். போனைக் குதிரையின் காதுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். ஹேமந்த் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலில் பேட்டரி மெஷினை ஓடவிட்டான். கொசு காதோரம் பாடுவது போல மெல்லிய கீச்சுச் சத்தம். மறுகணம் திரையில் குதிரையைக் காணோம். வானம் தெரிந்தது, மணல் தெரிந்தது, ஆல்வினின் செருப்பு தெரிந்தது.

"அக்கா, காத மடக்கிகினு கயித்த இழுக்குதுக்கா. வேணாம்க்கா, நிறுத்து" என்றான் ஆல்வின்.

கஸ்தூரிக்கு முகம் வாடிவிட்டது. இதற்கே இப்படியென்றால் அடுத்ததற்குக் கட்டியிருக்கும் கட்டையையே பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும் என்று பயந்தாள். ராஜாத்தி அடங்கும்வரை பொறுத்திருந்து, அரைமனதாகத் தலையாட்டினாள். கனத்த மெஷின் 'டுர்ர்ர்' என்று அடித்தொண்டையில் உறுமியது. திரையில் ராஜாத்தியின் காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்தன. தலையைத் திருப்பி, கடல் பக்கம் பார்த்துக் கனைத்தது.

ஆல்வின் சிரித்துவிட்டான். "படகு வருதுன்னு நெனச்சிக்கினு கீதுக்கா."

அப்போதுதான் கஸ்தூரிக்கு விளங்கியது. விடிகாலையில் படகுகள் இன்ஜின் சத்தத்தோடு கரைக்கு வரும்போதுதான் அவள் கடைக்கு மீன் எடுக்கப் போவாள். போகிற வழியில் ஊறவைத்த கொள்ளை ராஜாத்தியின் வாயில் கொடுப்பாள். அந்த உறுமல் கேட்டால் அவள் வருவாள் என்பது குதிரைக்குத் தெரிந்திருந்தது. தன்னைத்தான் அது தேடுகிறது. கடைக்காரன் எதிரில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கவேல் மீசையைத் தடவினான். "நான் அப்பவே சொன்னேன்ல."

"உனக்கு இன்னா தெரியும்? அதுக்குத் தெரிஞ்சிக்கீது" என்றாள்.

பிளேடு எடுக்கும்போது சண்டை இல்லை. தோல் தெரிய வழிக்கும் பிளேடை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் முடி விட்டு வெட்டுகிற பிளேடைக் கஸ்தூரியே எடுத்தாள். கடற்கரை வெயிலில் மொட்டைத்தோல் தாங்காது என்று ஹேமந்தும் சொன்னான்.

மறுநாள் நல்ல தண்ணீரில் ராஜாத்தியைக் குளிப்பாட்டி, ஒரு பொட்டு மணல்கூட இல்லாமல் உலர்த்தினார்கள். தங்கவேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கஸ்தூரி மெஷினை ஓடவிட்டுத் தள்ளியே நின்றாள். குதிரை கொள்ளுக்காக மூக்கை நீட்டியது. ஒரு பிடி கொடுத்துவிட்டு, பழைய வழுக்கைப் பாதையின் ஓரத்தில் வைத்து முடிக்கு எதிராகத் தள்ளினாள். முடி கொத்துக் கொத்தாகச் சுருண்டு காலடியில் விழுந்தது. பிளேடு சூடேறும்போதெல்லாம் ஆல்வின் நிறுத்தி, எண்ணெய் விட்டுக் கொடுத்தான். வயிற்றுப் பக்கம் கூச்சத்தில் தோலைச் சிலுப்பியதே தவிர, ராஜாத்தி ஒரு அடி நகரவில்லை.

ஒரு பக்கம் முடிந்த நேரத்தில் கரண்ட் போனது. பாதி கம்பளியும் பாதி வழவழப்புமாக நின்ற குதிரையைப் பார்க்கக் குப்பமே கூடிவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, கஸ்தூரியின் கடையில் இருந்த வறுவல் மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டுப் போனது. கரண்ட் வந்து மறுபக்கத்தையும் முடித்தபோது கஸ்தூரியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

முடி போன பிறகு நிறமே மாறிவிட்டது. கருத்த காப்பிக்கொட்டை நிறத்துக் குதிரை, சாம்பல் கலந்த மணல் நிறத்தில் நின்றது. பக்கத்து வீட்டு ராஜவேலு கடலுக்குப் போய்த் திரும்பி வந்தவர், பழைய குதிரையை யாருக்கு விற்றீர்கள் என்று உண்மையாகவே கேட்டார். கஸ்தூரி பதில் சொல்வதற்குள் தங்கவேல் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

ராஜாத்தி ஏரிப் பக்கம் போகவில்லை. உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, ஈர மணலில் அலையோரமாக ஓட ஆரம்பித்தது. இங்கே வந்த நாளிலிருந்து அது ஓடி யாரும் பார்த்ததில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கவேல் பின்னால் ஓடினான். கஸ்தூரி வீங்கின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.