வெள்ளிக்கிழமைச் சோறு

...மாடு மூத்திரம் பெய்த தரைமேல் ஓடு பதித்து மெத்தை போட்டால் மனுஷன் படுப்பானா, படுத்துவிட்டார்களே, அதுவும் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, விடிந்ததும் ஜன்னலைத் திறந்து சாணி வாடையை இழுத்து 'நல்ல காத்து' என்று சொல்லிக்கொண்டு. பாலன் தீவன வாளியை வைத்துவிட்டு அந்த ஜன்னலையே பார்த்தான். கிள்ளான் பக்கத்தில் இதைப்போலக் காற்றோட்டமான மாட்டுக் கொட்டகை கிடையாது, அண்ணன் ராதாகிருஷ்ணன் அதைத் தடுத்து அறைகளாக்கி, ஏர்கோன் மாட்டி, 'ஃபார்ம் ஹாலிடே' என்று போர்டு வைத்துவிட்டான், மாடுகள் இப்போது சாக்கடை ஓரத்தில், தகரத்துக்கு அடியில். அதுவும் எத்தனை நாளைக்கு? உள்ளே படுத்திருக்கும் இந்தச் சண்முகரத்தினம் அங்கிளுக்கு இந்த இடம் பிடித்துப்போனால் தன் பென்ஷன்காரர் சங்கத்தையே பேரப்பிள்ளைகளோடு பள்ளி லீவுக்குக் கூட்டிவருவாராம், பிறகு தகரத்தையும் பிரித்து இன்னொரு வரிசை அறை... "மாட்ட லோரியில ஏத்தி வித்துரலாம்லா, ரெண்டு கன்னுக்குட்டி போதும், பிள்ளைங்க போட்டோ எடுக்க." நேற்றுச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான், மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே. தம்பியை என்ன செய்வதாக இருக்கிறானாம், அவனையும் போட்டோவுக்கு நிறுத்துவானோ?

அங்கிளின் மனைவி தங்கரத்தினம் வருகிறாள், குளித்து, திருநீறு பூசி, இடுப்பில் ஒரு பெரிய சட்டியோடு. வரட்டும், சாணியில் வழுக்கட்டும். "தம்பி, ராத்திரி சொந்தக்காரர் பத்துப் பேர் வருவினம் எண்டு சமைச்சது, மழையில ஒருத்தரும் வரேல்லை. சோத்தைக் கொட்ட மனம் வரேல்லை. வெள்ளிக்கிழமை, பசுவுக்கு வைச்சால் புண்ணியம்." சட்டி நிறையச் சோறு, மேலே வெல்லம் வேறு. பாலனுக்குத் தெரியும். போன வருஷம் திருவிழாவுக்கு மறுநாள் இப்படித்தான் ஒரு புண்ணியவான் அண்டாவோடு வந்தான், செவலைக் கிடாரி ஆசையாகத் தின்றது, சோறு உள்ளே புளித்து இடப்பக்க வயிறு மத்தளமாக எழும்பியது, பொழுது சாய்வதற்குள் காலை நீட்டிவிட்டது. ஒரு கைப்பிடி என்றால் ஒன்றும் செய்யாது, சட்டியோடு போனால் சாவு. சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால் போதும்... ஆனால் தன் கையால் வைத்த சோற்றில் பசு செத்ததைப் பார்த்தால் இந்த அம்மாள் இங்கே இன்னொரு ராத்திரி தங்குவாளா, சங்கத்தைத்தான் வரவிடுவாளா? ஒரு மாடு போகும். மற்றவை நிற்கும். கணக்குச் சரிதானே?

"எல்லாத்துக்கும் பிரிச்சு வைக்கட்டோ தம்பி?"

பிரித்து வைத்தால் எதற்கும் ஒன்றும் ஆகாது. "வேணாம் ஆன்டி, மத்தது சோறு திங்காது. இதுக்கே வைங்க." கை ஒரு பசுவை நோக்கி நீண்டது. எவ்வளவு மரியாதையாக வருகிறது குரல்.

அவள் குனிந்து தொட்டியில் சட்டியைக் கவிழ்த்தாள், பசு மூச்சுவிட்டு முகத்தைப் புதைத்தது, அவள் அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்ல மனசு தம்பி உமக்கு." போய்விட்டாள். இன்னமும் இழுத்துக் கட்டலாம், தொட்டியைக் காலால் உதைத்துச் சாய்க்கலாம், பாதிகூடப் போகவில்லை... நக்கும் சத்தம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இது அண்ணனுடைய மாடு அல்லவா, கொட்டகையை அறைகளாக்கிய பிறகும் தினம் காலையில் சட்டைகூடப் போடாமல் வந்து இதன் காதுக்குப் பின்னால் மட்டும் சொறிந்துவிட்டுப் போகிறானே, வேறு எதையும் தொடுவதில்லை, இதை மட்டும். இத்தனை மாடு நிற்கிறது. ஏன் இதைக் காட்டினான்? யோசிக்கவே இல்லை, கை தானாகத்தான் நீண்டது... அப்படியானால் சங்கம், தகரம், மற்ற மாடுகள், அதெல்லாம் எப்போது நினைத்தது, கை நீள்வதற்கு முன்பா, பின்பா?