பெனால்டிக்கு ஒரு ஜெபம்

1913ஆம் வருஷம் எங்கள் பாளையங்கோட்டைக் கால்பந்து அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இரு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் கோலைக் காத்து நின்றவர் உபதேசியார் எலியேசர்.

கூட்டத்திலிருந்த பாக்கியசீலன் வாத்தியார், "எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்!" என்று கத்தினார். கண்ணை மூடினோம். பாழாய்ப்போன மனுஷன், ஜெபத்தை ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். நோவா பேழையில் ஏறும்போது தொம்மென்று சத்தம் கேட்டது.

ஆமென் சொல்லிக் கண் திறந்தால் பந்து வலைக்குள் கிடந்தது. நாங்கள் இரண்டாம் பிரிவில் கிடந்தோம். எலியேசர் அப்போதுதான் கூப்பிய கையை இறக்கினார்.

"கண்ணைத் தொறந்து பந்தைப் பிடிச்சா என்ன வே?" என்று பாய்ந்தேன்.

"ஆமென் சொல்லுததுக்கு முந்தி எப்படி வே தொறக்க? நீரு தொறந்தீரா?"