மேட்டுத் தெரு நீலக் கோடு

மெயின் லைனே இல்லாத மேட்டுத் தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு நாற்பத்திரண்டு வீடுகளிலும் தண்ணீர் வந்தது. அதற்குப் பதினோரு வருடம் முன்பு வீட்டுக்கு வீடு குழாயை மட்டும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திறந்தால் காற்று வரும், சில நாள் அதுவும் வராது.

குடிநீர் அலுவலகத்தில் அப்போது பழைய காகித வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்கடியில் ஓடும் ஒவ்வொரு குழாயும் திரையில் ஒரு நீலக் கோடு. வரைபடக்காரி அந்த வேலையில் புலி. ஆனாலும் யானைக்கும் அடி சறுக்கும். காகிதத்தை மடித்து மடித்துப் பழுப்பேறிய தடத்தைக் குழாய் என்று நினைத்து, அதன்மேலேயே கோடு இழுத்து, மேட்டுத் தெருவின் கடைசி வீடுவரை கொண்டுபோய்விட்டாள். அது திங்கள் மாலை.

வால்வு திறக்கும் சாவி அண்ணன் தெருவில் நான்கடி தோண்டிப் பார்த்தார். வெறும் காய்ந்த மண். பக்கத்து வீட்டுக் குழாயிலோ தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மகள் அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாவது மாதம், இனி மேட்டில் குடம் தூக்கினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அண்ணன் பள்ளத்தை மூடிவிட்டு நேரே வரைபடக்காரியிடம் வந்தார். இருவரும் காகிதத்தைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

மூன்றாம் வாரம் பெரிய இன்ஜினியர் கண்டுபிடித்துவிட்டார். மண்ணில் இல்லாதது மேப்பில் இருக்கக் கூடாது. அங்கே அதுதான் வேதவாக்கு. வரைபடக்காரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அவர் அசையவில்லை. அழித்தாள். நாற்பத்திரண்டு குழாயும் அந்த நொடியே நின்றன. உடனே மேட்டுத் தெருவிலிருந்து சாவி அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா குடத்தை எடுத்துட்டாம்மா. சொன்னாக் கேக்கலை, கீழே எறங்கிட்டிருக்கா."

இன்ஜினியர் நாற்காலியை அவள் திரையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "போடும்மா" என்றார்.

அவள் கோட்டை மறுபடி இழுத்தாள். கடைசி வீட்டைத் தொட்டதும் போனுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முப்பது வருடம் குழாயோடே வாழ்ந்த இன்ஜினியர், கோயில் மணி கேட்டவர்போல எழுந்து நின்றுவிட்டார். குழாய் இரும்பா, பிளாஸ்டிக்கா என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது.

"என்ன சார் போடறது?"

"தெரியலைன்னு போடு. ஓடுதுன்னும் போடு."

மகள் பாதி வழியில் காலிக் குடத்தோடு திரும்பி ஏறினாள். பிறந்தது பெண் குழந்தை, மூன்று கிலோ. இப்போது ஒன்பது வயது, பேச ஆரம்பித்தால் வாய் காது வரைக்கும். ஊரில் இரும்பு வெடிக்கிறது, பிளாஸ்டிக் கசிகிறது, மேட்டுத் தெருக் கோட்டில் மட்டும் இன்றுவரை ஒரு புகார் இல்லை. புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். மண்தான் என்று சொல்கிறார்கள். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.