அவள் சொன்னதாக நான் சொன்னது

பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினேன். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து வைத்தேன். சவரம் செய்துகொண்டேன். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கொடியில் கிடந்த சட்டை சரியாகக் காயவில்லை. அதையே போட்டுக்கொண்டேன். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. பீச் போகிற ரயில் போனது. கேட்டைத் தூக்கியதும் மற்றவர்களோடு நடந்தேன்.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது.

சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு லீவு உண்டு என்று பார்ப்பது என் வேலை. என் மனைவி கனகவல்லியும் அங்கேதான் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேஜை. அந்த மேஜை முழுக்கப் பெண்கள், எல்லோரும் அரை ஷிப்ட். காலையில் வந்து மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வெளியே போய்விட வேண்டும்.

அரை ஷிப்டுக்கு லீவு என்று ஒன்று இருந்ததே இல்லை. வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. அந்த வருடம்தான் லேபர் இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டுப் போனதில், அவர்களுக்கும் சம்பளத்தோடு லீவு என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய, கப்பலுக்குச் சரக்கு போகிற சீசனில், ஒரு நாளும் வேலைக்கு வராமல் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வருடத்து லீவு கிடையாது. அந்த நோட்டீசை டைப் அடித்து ஒட்டியவன் நான்.

நவம்பர் கடைசியில் கனகவல்லிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். நான்காம் நாள் மேஜையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். மறுநாள் இறந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள் காலையில் எடுத்தோம்.

அன்றைக்கு அவளுடைய மேஜைப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீல ஏப்ரனைக்கூடச் சிலர் கழற்றவில்லை. கம்பெனியில் யாராவது இறந்தால் மிஷினை நிறுத்துவது வழக்கம். அந்த ஷிப்டை எல்லோருக்கும் வந்ததாகவே போட்டுவிடுவார்கள். மெக்கானிக் தசரதன் இறந்தபோது அப்படித்தான் செய்தார்கள். கனகவல்லிக்கும் அப்படித்தான் என்று இவர்கள் கம்பெனி கேட்டிலிருந்தே திரும்பி நடந்து வந்துவிட்டார்கள். ஆனால் மிஷின் நிற்கவில்லை. பிசிறு வெட்டும் மேஜை மட்டும் காலியாக இருந்திருக்கிறது.

நான் திரும்பி வந்து பார்த்தபோது, அந்த மேஜைப் பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கு ஆப்சென்ட் போட்டிருந்தது. அதோடு அவர்களுடைய அந்த வருடத்து லீவும் போயிருந்தது. எனக்கு மட்டும் பதினாறு நாளும் சம்பளத்தோடு லீவு போட்டிருந்தது.

நான் உட்காருவதற்குள் கங்கம்மா ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அந்த மேஜைக்கு அவள்தான் மூத்தவள். முதலில் சாப்பிட்டேனா என்று கேட்டாள். சமைக்க ஆள் யார் என்று கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். ஜனவரியில் மகளுக்குப் பிரசவம், அந்த லீவை நம்பித்தான் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறாள். பின்னால் அதே மேஜைப் பரிதா நின்றாள். அவளும் நாகூர் போய்வர அந்த லீவைத்தான் நம்பியிருந்தாள்.

"தசரதன் பூட்டப்போ எங்களுக்கும் சேத்து ஷிப்ட் போட்டாங்கோ. கனகாவுக்கு மட்டும் இன்னா சார்? அரை ஷிப்ட்டுன்னா அரை சாவா?"

பரிதா கங்கம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கங்கம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பா எடுத்துக்காதே சார் என்றாள். மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன்.

மேனேஜர் பக்தவச்சலம் நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே வராதவர். எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். உட்காரச் சொன்னார். நான் சொல்ல நினைத்தது எனக்குத் தெளிவாக இருந்தது. சட்டத்தில் தொழிலாளி என்றுதான் இருக்கிறது, அரை என்றும் முழு என்றும் இல்லை. சீசனில் நிற்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இல்லை, நாமே வைத்துக்கொண்டது. நோட்டீஸ் டைப் அடித்த அன்றே அது எனக்குத் தெரியும்.

சட்டம் என்ற சொல்லைச் சொன்னதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க ஸ்டாஃப். யூனியன்காரன் மாதிரி பேசாதீங்க. உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா மிஷின் நிறுத்தறது பெர்மனென்ட் ஆளுக்குத்தான். அவங்களா போனாங்க. யார் கூப்பிட்டா?"

"அவ கூப்பிட்டா சார்."

எனக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மேஜையில இருக்கிறவங்க எல்லாரும் வந்து என்னைப் பாக்கணும், அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்றேன். அதனால்தான் ஆள் அனுப்பிச் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"உங்ககிட்டேயே சொன்னாங்களா?"

"என்கிட்டதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற உயிரின் வார்த்தைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். அன்றைய ஷிப்டை வந்ததாகவே போடச் சொன்னார். லீவும் கொடுக்கச் சொன்னார். நோட்டீசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அடுத்த வருடத்துக்கும் ஒட்டியபடியே இருக்கும்.

பியூன் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். சாப்பாட்டு மணிக்குள் மேஜை முழுக்கச் செய்தி போய்விட்டது. கனகா சாகும்போதும் நம்மளை நினைச்சிருக்கா பாரு என்று கங்கம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கைகூப்பினாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு பரிதா மட்டும் ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கும் கனகவல்லிக்கும் ஒரு நல்ல கத்தரிக்கோலுக்காகச் சண்டை. தீபாவளியிலிருந்து இருவரும் பேசவில்லை. வீட்டில் கனகவல்லி அவளைத் திட்டுவாள். ஒரு நாள் நானும் சிரித்திருக்கிறேன்.

"என் பேரையும் சொன்னாங்களா சார்?"

"சொன்னா."

"கோவமாவா?"

"இல்லைம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். மேனேஜரிடம் சொன்னதற்காவது ஒரு காரணம் இருந்தது.

கனகவல்லி யாரையும் கேட்கவில்லை. யார் பேரையும் சொல்லவில்லை. அவள் இறந்த அன்று காலையில் ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தெளிவாகத்தான் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டு எழுந்து டவுன் பஸ் பிடித்து வேலைக்கு வந்தேன். அவள் போன செய்தி எனக்குப் போனில்தான் வந்தது.

"இங்க ஏன் உக்காந்துகினு இருக்கீங்க?" என்றாள். "லீவ வீணாக்காதீங்க."