அரை நூல் குறைந்த வேட்பாளர்

எங்கள் ஊர்க் குட்டை இந்த முறை மாவட்டத் தலைவர் பதவிக்கு நிற்கிறது. கட்சியில் ஏற்கெனவே இரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். குட்டை மூன்றாவது. அதற்கு முன்பு அது எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை என்பதால் முதலில் உறுப்பினர் அட்டை வாங்க வேண்டியிருந்தது. படம் கேட்டார்கள். கரையில் நின்று எடுத்தோம். படத்தில் போட்டோக்காரர் ரத்தினசாமிதான் குனிந்தபடி தெரிந்தார். அதையே ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ரத்தினசாமி சட்டையை வேட்டிக்குள் விட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்கிறார்.

நான் கொம்மடிப்பட்டி பால் சங்கத்தின் செயலாளர். விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். வேட்பாளரின் அளவு என்ற இடத்தில் இருபத்து நாலாயிரத்து நானூற்று எண்பது லிட்டர் என்று எழுதினேன். நானே அளந்த கணக்கு. ஒரு லிட்டர் கூட்டியும் எழுதவில்லை. மற்ற இரண்டு பேரும் தங்கள் உயரத்தை எப்படி எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் கட்சி ஏழு ஊர்களை வரிசையாகக் கேட்டுத்தான் வேட்பாளரை முடிவு செய்யும். முதலில் மேலக்கரடு. சின்ன ஊர், இருநூற்று எண்பது ஓட்டு. ஆனால் மேலக்கரடு என்ன சொல்கிறதோ அதைத்தான் மற்ற ஆறு ஊரும் பெரும்பாலும் சொல்லும். அங்கே சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. பள்ளி மைதானத்தில் வேட்பாளர் ஆளுக்கொரு பாய் விரித்து உட்கார வேண்டும். பிடித்தவர்கள் அவருக்குப் பின்னால் போய் இருப்பார்கள். ஐந்து மணிக்கு மணி அடித்ததும் தலை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாதவருடைய பாயை அங்கேயே சுருட்டிவிடுவார்கள். இன்னொரு விதியும் உண்டு. வேட்பாளர் முழுதாக வந்திருக்க வேண்டும். ஒருவர் முன்பு தன் துண்டை மட்டும் அனுப்பி வைத்ததால் வந்த விதி அது.

குட்டையை நிறுத்தலாம் என்று முதலில் சொன்னது உலகம்மாள். அவளுக்குப் பதினோரு எருமைகள். எங்கள் சங்கத்துப் பாலில் பாதி அவளுடையது. எருமைகள் தினமும் குட்டையில் கிடந்து ஊறினால்தான் கறக்கும், இல்லாவிட்டால் மடியைத் தொடவிடாது. ஆகவே, குட்டை போனால் முதலில் நஷ்டப்படுகிறவளும் அவள்தான். சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்.

"நாப்பது வருசமா பாக்கேன் அண்ணாச்சி. யாரு வந்து நின்னாலும் ஒரே ஆழந்தான் காட்டுது. சொன்னத மாத்திச் சொன்னதில்ல. இதவிட என்ன வேணும்?"

"அது ஒண்ணுமே சொன்னதில்லையே மதினி," என்றாள் சங்கத்து மாரிக்கனி.

"அதத்தான் சொல்லுதேன்."

தோற்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பாய்க்குப் பதிலாக நாங்கள் தார்ப்பாய் விரிக்க வேண்டும். அதைச் சுருட்டினால் குட்டை அப்படியே மேலக்கரட்டு மண்ணுக்குள் போய்விடும். அள்ளி எடுக்க முடியாது. "எருமைய வித்துட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதான்," என்றாள் உலகம்மாள். பிறகு அவளே முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

ஒரு மாதம் பிரச்சாரம் செய்தோம். வேட்பாளரை ஆளுக்கொரு டம்ளரில் எடுத்துக்கொண்டு மேலக்கரட்டில் வீடு வீடாகப் போனோம். அவர்கள் ரோடு எப்போது வரும் என்று கேட்பார்கள். டம்ளரை நீட்டுவோம். வேட்பாளர் லேசாக ஆடிவிட்டு அடங்கிவிடும். "இவரு பரவாயில்ல, வாக்குறுதி கொடுக்க மாட்டேங்காரு," என்று ஒரு தையல்காரர் சொன்னார். திரும்பியதும் டம்ளர்களை மறக்காமல் குட்டையிலேயே கவிழ்ப்போம். வெயிலில் நாக்கு வறண்டு வந்தவர்கள்கூட ஒரு வாய் குடித்ததில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு இறைக்க ஆரம்பித்தோம். சங்கத்து நாற்பது லிட்டர் கேன்களில் அள்ளி, இரண்டு மினி லாரியிலும் சைக்கிள்களிலும் ஒன்பது கிலோமீட்டர் கொண்டுபோய், மைதானத்தில் நீளம் தாண்டும் குழியில் மணலை எடுத்துவிட்டுத் தார்ப்பாய் விரித்து ஊற்றினோம். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கேன். மூடியை ஈரத்துணி சுற்றி இறுக்கியிருந்ததால் வழியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. கெளுத்தி மீன்களும் ஒரு ஆமையும் வேட்பாளரின் குடும்பம் என்ற முறையில் தனி அண்டாவில் வந்தன. ஊரே வந்தது. நானூற்றுப் பத்துப் பேர். கொம்மடிப்பட்டியில் எருமைகள் மட்டும்தான் இருந்தன.

தேர்வு நாள் பகல் ஒரு மணிக்குக் கட்சிப் பார்வையாளர் ஞானதுரை, அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கோடு போட்ட அளவுகோலுடன் வந்தார். குழியில் விட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அரை நூல் குறையுதே."

"அரை நூல்தானய்யா."

"போன தடவ ஒருத்தருக்குச் சுண்டுவிரல் இல்ல. அத எடுத்துட்டு வரச் சொல்லித்தான் உக்கார விட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கே போயிருக்கும் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம். மாரிக்கனிதான் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவள் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக மாதிரி எடுக்கிறவள். கேன் நிரம்பியதும் அதிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் எடுத்து, எண் ஒட்டி, தட்டில் அடுக்கிவைப்பது அவள் வேலை. இந்த மூன்று நாளும் அவள் கை அந்த வேலையைச் செய்திருக்கிறது. நானும் பக்கத்தில் நின்று எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டில் வேட்பாளர் சங்கத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

மாரிக்கனி அழுதாள். உலகம்மாள் அவளைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏளா, சாவி உங்கிட்டதான இருக்கு? எந்திரி," என்றாள்.

மாரிக்கனி ஒரு மினி லாரியில் ஏறிப் போனாள். இந்த லாரியும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, மேலக்கரட்டு எல்லை தாண்டியதிலிருந்து வழியெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களை இருபது மீட்டருக்கு ஒருவராக இறக்கிவிட்டுக்கொண்டே போனார்கள். சங்கத்து வாசலில் அந்த லாரி பழுதாகி நின்றுவிட்டது. இன்னொன்று காலையிலேயே அப்படித்தான் நின்றிருந்தது. சைக்கிளில் தட்டு நிற்காது. எனவே தட்டுகள் கைமாறித்தான் வரவேண்டும். பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஐம்பத்தோரு தட்டுகள். வாங்கி, இருபது மீட்டர் ஓடி, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி செண்பகவல்லிக்கு மட்டும் பத்து மீட்டர் கொடுத்தார்கள். அவள் கோபித்துக்கொண்டு இருபதும் நடந்தாள்.

ஆட்கள் தீர்ந்தபோது மைதானத்துக்கு இன்னும் எண்ணூறு மீட்டர் பாக்கி இருந்தது. முதல் தட்டு அங்கே வந்து நின்றது. அதை வைத்திருந்தவர் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் கையை நீட்டியபடியே இருந்தார். அப்போது மேலக்கரட்டுத் தையல்காரர் கடையிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு இருபது மீட்டர் தள்ளி அவர் மனைவி நின்றாள். அடுத்து ஒரு கண்டக்டர், விடுமுறையில் இருந்தவர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வரிசை ஒவ்வொரு ஆளாக நீண்டு, பள்ளி வாசலுக்குள் நுழைந்து, எங்கள் தார்ப்பாய்க்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தது. சொல்வதில் வெட்கம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் நான் எதையும் நம்பிக் கெட்டுப்போனதில்லை. அன்றைக்குக் கெட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மைதானத்தில் ஆலை முதலாளி ஜெபமணிக்குப் பின்னால் பெருங்கூட்டம் இருந்தது. முன்னாள் சேர்மன் குற்றாலிங்கத்துக்குப் பின்னால் நாற்பத்தோரு பேர். அவரும் மேலக்கரட்டு ஓட்டுக்காரர் என்பதால் தன்னையும் சேர்த்து நாற்பத்திரண்டு. சரியாக நூற்றுக்குப் பதினைந்து. நாங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். ஞானதுரை எங்கள் வரிசையையும் எண்ணிக்கொண்டிருந்தார். வேட்பாளருக்குப் பின்னால் இருப்பவர்கள் என்றுதான் விதி, உட்கார வேண்டும் என்று இல்லை. அதில் மேலக்கரட்டுக்காரர்கள் நாற்பத்தோரு பேர்.

கடைசித் தட்டு வாசலைத் தாண்டியபோது வாங்கிக்கொண்டவர் ஒரு வயசாளி. நாலு எட்டு வைத்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தட்டை முன்னால் நீட்டினார். எதிரில் குற்றாலிங்கம்தான் இருந்தார். நீட்டியதை வாங்காமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. எழுந்து, வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். மணி அடித்தது.

நாற்பத்திரண்டு என்றார் ஞானதுரை. தட்டைக் கவிழ்த்த பிறகு கோலை விட்டுப் பார்த்து, முழுசு என்றும் சொன்னார். குற்றாலிங்கத்தின் பாயில் நாற்பத்தோரு பேர். சுருட்டினார்கள். வழக்கப்படி அவர்கள் வேறு பாய்க்குப் போகலாம். முப்பது பேர் எங்களிடம் வந்தார்கள். ஜெபமணிக்கு இருநூற்று எட்டு, குட்டைக்கு எழுபத்திரண்டு. இரண்டாம் இடம். மறுநாள் பேப்பர்களில் குட்டைதான் தலைப்பு, ஜெபமணியின் பெயர் கீழேதான் இருந்தது.

எங்கள் ஆட்கள் கரையில் மாலையைப் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாரிக்கனி ஒன்பது கிலோமீட்டரும் நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். உலகம்மாள் மட்டும் குழியின் ஓரத்தில் குந்தி, தண்ணீரில் விரல் படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"இனிம ஆறு ஊரு. பெறவு மாவட்டத் தலைநகரம். குட்ட இனி நம்மூருக்கு வரப்போறதில்ல அண்ணாச்சி."

ஒரு காலிக் கேனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"வரக்கூடாதுன்னுதான கொண்டுவந்தோம்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுத்த ஊருக்கான முதல் கேனை அவளே மொண்டாள்.

இளவட்டங்கள் குட்டையோடு போனார்கள். கறவை இருந்ததால் உலகம்மாளும், சங்கம் திறக்க வேண்டியிருந்ததால் நானும் ஊருக்குத் திரும்பினோம். காலையில் எருமைகள் வெறும் பள்ளத்தைச் சுற்றி நின்றன. ஒன்றும் கறக்கவில்லை. ஏழரை பஸ்ஸில் குற்றாலிங்கம் ஒரு துணிப்பையுடன் வந்து இறங்கினார்.

"இந்த எடம் காலியா இருக்குன்னு சொன்னாங்க," என்றார்.

உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எருமை பதினொண்ணு. தாங்குவீகளா?"

"பழகிக்கிடுதேன் தாயி."

சட்டையைக் கழற்றி மடித்துக் கரையில் வைத்தார். செருப்பை அதன்மேல் வைக்காமல் தள்ளி வைத்தார். பள்ளத்தில் இறங்கி நடுவில் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரவினார். ஒன்பது மணிக்கெல்லாம் நாலு கரையையும் தொட்டுவிட்டார். எருமைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதாக உலகம்மாள் சொன்னாள்.