அண்ணனுக்கு யார் குரல்

டைரக்டருக்கு வாய் சும்மா இருக்காது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, "தலையக் குனி, இப்பத் திரும்பு, மெதுவா, மெதுவா" என்று நடிக்கிறவரை விரட்டிக்கொண்டே இருப்பார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. படப்பிடிப்பில் பிடித்து வைக்கும் ஒலி வெறும் அடையாளத்துக்குத்தான். பிறகு நடிகர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, திரையைப் பார்த்துப் புதிதாகப் பேசிக் கொடுப்பார்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம். இருபத்திரண்டு வருடத்தில் நாலு படங்களை அப்படித்தான் முடித்தார். நாலும் விருது வாங்கின. நாலையும் பார்த்தவர்களைச் சேர்த்தால் ஒரே ரயிலில் ஏற்றிவிடலாம், உட்கார இடமும் மிச்சமிருக்கும்.

ஐந்தாவது படத்தில் வந்தது வினை. அப்பா வேடத்துக்குப் பேசிவைத்த நடிகர், ஷூட்டிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார். டைரக்டர் கூடப்பிறந்த அண்ணனையே கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூட நாடகத்தில்கூட மேடை ஏறாத மனுஷன். தம்பி கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். நடித்தார் பாருங்கள், அப்படி ஒரு நடிப்பு! மகன் வீட்டைவிட்டுப் போகிற நாளில் அப்பா சமையலறையில் நின்று பேசுகிற கடைசிக் காட்சியில், கேமராமேன் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் படம் பிடித்தார்.

டைரக்டர் மூச்சு விடவில்லை. புது ஆளைப் பாராட்டினால் மறுநாளே தலைக்கனம் ஏறி, 'நடிக்க' ஆரம்பித்துவிடுவான் என்பது அவருடைய சட்டம். டப்பிங்குக்கு வரும்போது மொத்தப் படத்தையும் போட்டுக் காட்டி, அன்றைக்கு மனசு நிறையச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். டப்பிங்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் ஷூ மாட்டக் குனிந்த அண்ணன் நிமிரவில்லை. மாரடைப்பு.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவர் வாய்ல வேற ஆள் பேசக் கூடாது தம்பி."

படமோ அடுத்த மாதம் ஒரு பெரிய விழாவில் திரையிடத் தேர்வாகியிருந்தது. அப்பா ஊமையாக நின்றால் எந்த விழாவில் ஏற்பார்கள்? டைரக்டர் நல்ல டப்பிங் கலைஞர் ஒருவரைப் பிடித்து, அந்தச் சமையலறைக் காட்சியை மட்டும் பேசவைத்தார். ஒரு தடவை கேட்டால் அண்ணி மனசு மாறிவிடுவார் என்று நப்பாசை. ஒரு மத்தியான வேளையில் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார்.

சவுண்ட் எடிட்டர் ஒரு பெண். தொழிலில் எல்லோரும் அவளைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காட்சியைப் போட்டாள். அண்ணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசறார். வாத்தியார் பாடம் நடத்தற மாதிரி இருக்கு" என்றார். "ஷூட்டிங்ல அவரே பேசினது இருக்குமே. அதப் போடுங்க."

டைரக்டர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அது வேண்டாம் அண்ணி. ஒரே இரைச்சல். நடுவுல நான் வேற கத்திட்டிருப்பேன்."

"நீங்க கத்தி நான் கேட்டதே இல்லையா? போடுங்க."

பாம்புக்காது போட்டாள். முதலில் வந்தது டைரக்டரின் குரல்தான். "கைய எடு. கைய எடுண்ணே! இப்பச் சொல்லு." அதற்கு அடியிலிருந்து அண்ணன் பேசினார், தடுமாறி, லேசாக மூக்கால். அண்ணி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் குரல மட்டும் எடுத்துட முடியாதாம்மா?" என்று டைரக்டர் கேட்டார்.

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு சார். உங்களத் துடைச்சா அவரும் போயிடுவார்."

வசனம் முடிந்தது. டைரக்டர் கட் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தது. திரையில் அண்ணன் கேமரா பக்கம் திரும்பி, "சரியா வந்துச்சாடா?" என்று கேட்டார். பதிலுக்கு வந்தது, "அடுத்த ஷாட்! லைட்ட மாத்து!"

அந்தக் காட்சியில் எடுத்த மற்ற ஷாட்களையும் அண்ணி போடச் சொன்னார். மொத்தம் பதினோரு ஷாட். பதினோரு தடவையும் அண்ணன் அதையே கேட்டார். ஒரு தடவைகூடப் பதில் இல்லை. டைரக்டர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் வீட்டுக்கு வந்து இதத்தான் சொல்லுவார்" என்றார் அண்ணி. "'அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்டி. படத்தக் கெடுத்துட்டேனோ என்னமோ'ன்னு. சரியாத் தூங்கக்கூட இல்ல. போற அன்னிக்குக் காலையில வரைக்கும் அதே புலம்பல்தான்."

"ஐயோ அண்ணி!" டைரக்டர் தேம்பி அழுதுவிட்டார். "அண்ணன் மாதிரி எனக்கு யாருமே நடிச்சுக் குடுத்ததில்ல. டப்பிங் அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

அண்ணி அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்க விட்டார். பிறகு, "இதையே போடுங்க" என்றார்.

"நான் அதட்டறதெல்லாம் கேக்கும் அண்ணி. பாக்கறவங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். அவர் குரல் கேக்கும்ல?"

இயல்பாக நடிக்க வைப்பதில் மன்னன் என்று பேர் வாங்கியவர் டைரக்டர். அந்தப் பேர் மொத்தமும் இதோடு போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். அண்ணன் வரும் காட்சிகள் எல்லாவற்றிலும் பழைய ஒலியே இருக்கட்டும், கடைசிக் காட்சியில் அந்தக் கேள்வியும் தன் கத்தலும் முடியும்வரை படம் ஓடட்டும் என்றும் சொன்னார்.

பாம்புக்காது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், அவர் கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு செகண்ட் காலியா இருக்கு. உங்க குரல்ல ஒரு வார்த்தை சேர்க்கலாம். யாருக்கும் தெரியாது."

டைரக்டர் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பதிவறைக்குப் போய் மைக் முன்னால் நின்றார். திரை ஓடியது. அண்ணன் திரும்பிக் கேட்டார்.

"வந்துச்சுண்ணே" என்றார் டைரக்டர். "ரொம்ப நல்லா வந்துச்சு."

கச்சிதமாகப் பொருந்தியது. பாம்புக்காது கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அண்ணி அவள் பக்கம் குனிந்து, உள்ளே பேசும் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"சொல்லிட்டீங்க. போதும் தம்பி. படத்துல வேண்டாம். அன்னிக்கு நீங்க சொல்லல."

டைரக்டர் தலையாட்டினார். பாம்புக்காது அதை அழித்துவிட்டு, சரிபார்க்க இன்னொரு முறை ஓட்டினாள். அண்ணன் கேட்டுவிட்டு, புருவத்தை உயர்த்தி, இரண்டு செகண்ட் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அடுத்த ஷாட்!" என்று கேட்டது.