ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்

பட்டு விஷயத்தில் நான் யாரையும் ஏமாற்றியது கிடையாது. சரிகையில் கலப்படம் செய்ததில்லை, ஒரு இழை குறைத்து நெய்ததில்லை. "சபாபதி குடுத்தா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்ட நான்தான் என் பழைய பிக்கப் வண்டியைக் காய்கறி வியாபாரி மேரிக்கு விற்றேன்.

பதினாறு வருடம் உழைத்த வண்டி அது. சாயம் போட்ட நூலையும் தறி மரங்களையும் அதில்தான் ஏற்றினேன். கடைசிக் காலத்தில் அதற்கு இல்லாத வியாதி இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாது. நாலு பேர் தள்ளினால் இருமிக்கொண்டே எழுந்திருக்கும். இடது பக்கக் கதவு தாழ்ப்பாள் பிடிக்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். மூன்றாவது கியர் அதற்கு இஷ்டமிருந்தால் விழும், இல்லாவிட்டால் இல்லை. இதையெல்லாம் மேரியிடம் ஒளிக்காமல் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ரேடியேட்டர் ஒழுகியது.

புதிது மாற்றினால்தான் அது தீரும். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று, பழைய டிரைவர்கள் செய்கிற வேலையைச் செய்தேன். சமையலறையிலிருந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துப்போய் ரேடியேட்டருக்குள் அப்படியே கவிழ்த்தேன். ஓட்டையில் மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்குச் சொட்டாது. அன்று என் மனைவி கமலவேணி சாம்பாருக்கு மஞ்சள் தேடி வீட்டையே புரட்டிப் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மேரி தாமல் கிராமத்துப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் அங்கே காய்கறி வாங்கி, ஆட்டோவில் அடைத்துக்கொண்டு காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கு வருவாள். ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்துவிட்டுத்தான் வண்டி கேட்டு வந்தாள். அவள் குடும்பத்தில் அதுதான் முதல் வண்டி. விவரமானவள், பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னாண்ணா, தண்ணி மஞ்சளா இருக்குது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு அது எங்கிருந்துதான் அத்தனை வேகமாக வந்ததோ! "பூஜை போட்ட தண்ணிம்மா. வண்டி கை மாறும்போது சாமிக்கு வெச்ச மஞ்சள கரைச்சி ஊத்தறது எங்க வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்களில் ஏழு தலைமுறைக்கும் கிடையாது. மேரி தலையாட்டினாள். மூடியை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் திருகி மூடினாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் மெக்கானிக் ஜெயக்குமார் போன் செய்தான். "அண்ணா, உங்க பழைய வண்டி என் ஷெட்ல நிக்குது. இன்ஜின் போயிடுச்சி. அந்தம்மா உங்கள ஒரு நடை வரச் சொல்றாங்க."

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போகும் வழியெல்லாம் பதில் தயார் செய்தேன். பழைய வண்டி, பார்த்துத்தானே வாங்கினாய், இப்படி நாலைந்து.

ஜெயக்குமாரின் ஷெட் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இருக்கிறது. வண்டியில் ஏற்றிய கத்தரிக்காய் அப்படியே வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. மேரி என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மன்னிச்சிருங்கண்ணா. அத்தினி வருசம் பத்திரமா வெச்சிருந்தீங்க. என் கையில வந்து இப்டி ஆயிடுச்சி."

தயார் செய்த பதில் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"மூணு மாசம் முன்னாடியே சொன்னேண்ணா" என்றான் ஜெயக்குமார். "உள்ள மஞ்சள் அடைச்சிக்கினு இருக்குது, கொட்டிட்டுக் கழுவிடறேன்னேன். கை வைக்கவே விடல. தண்ணி ஓடாம சூடேறி, இன்ஜின் ஹெட்டே வளைஞ்சிடுச்சி."

"எப்டிண்ணா கொட்டச் சொல்லுவேன்?" என்று மேரி என்னிடம் கேட்டாள். "உங்க சாமிக்கு வெச்ச மஞ்சள். நாங்க வேற சாமிய கும்பிடறவங்க, அதான் கொட்டிட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதில்ல? நெறம் வெளுக்க வெளுக்க, வெள்ளிக்கெழமையானா நானே ஒரு ஸ்பூன் போட்டுக்கினு வந்தேன்."

ஜெயக்குமார் ஸ்பேனரைத் துடைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் சொல்லப்போவதில்லை. நானும் பேசாமல் இருந்தால் போதும், யோக்கியன் சபாபதியாகவே வீட்டுக்குத் திரும்பலாம். "விடும்மா, பழைய வண்டின்னா அப்டித்தான்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

மேரி வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி வந்தாள். மேலே தட்டு போட்டு மூடியிருந்தாள். "ரேடியேட்டர கழட்டும்போது வந்த தண்ணிண்ணா. கீழ சிந்தாம பிடிச்சி வெச்சேன். கால் படாத எடத்துல ஊத்தணுமாமே? எங்க ஊத்தறதுன்னு கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அதுல சாமி இல்ல மேரி. ரேடியேட்டர் ஒழுகினு இருந்திச்சி. அத மறைக்க நான் போட்ட மஞ்சள். எங்க வீட்டு சமையல் மஞ்சள்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கதவு பிடிக்காதுன்னு சொன்னீங்க, கியர் விழாதுன்னு சொன்னீங்க. வாங்கலையாண்ணா? இதையும் சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனே" என்றாள். குரல் உயரவே இல்லை.

"இன்ஜின் வேலை மொத்தமும் நான் பாத்துக்கறேம்மா."

"பாருங்க" என்றாள்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தட்டை எடுத்துவிட்டு, மொத்தத் தண்ணீரையும் சாக்கடையில் கவிழ்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த என் கால்மேல் கொஞ்சம் தெறித்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.